கடைசி ஆளுக்கும் சேருமா?

1 ஒக்டோபர் 2025, புதன்

பின்னேரம் சென்னையிலிருந்து பெறாமகன் போன் எடுத்தான். தங்கச்சி குடும்பம் 1990இல் போருக்குத் தப்பி, யாழ்ப்பாணத்துத் தீவிலுள்ள எங்கள் ஊரை விட்டுக் கடல் கடந்தது. அவன் பிறந்தது மண்டபம் அகதி முகாமில். இப்போது நல்ல வேலையில் இருக்கிறான், ஊர்ப் பேச்சும் மாறவில்லை. இன்றைக்கு முழுக்க அரட்டைச் செயலியைப் பற்றித்தான் கதை.

"பெரியம்மா, இங்க எல்லாரும் அதுக்கு மாறீனம். எங்கட தமிழ் ஆள் செய்தது. ஊர் வாட்ஸ்அப் குழுவையும் அங்க கொண்டுபோவம். நீங்கள் அட்மின், நீங்கள் சொன்னால் சனம் வரும்."

சோகோ நிறுவனம் அரட்டையை 2021இல் வெளியிட்டது. நாலு வருஷமாக அதிகம் பேர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. போன மாதக் கடைசியில் இந்திய அமைச்சர்களே உள்நாட்டுச் செயலியைப் பாவியுங்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில், மூன்றே நாளில் அது 350,000 ஆகிவிட்டது என்று சோகோவின் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொல்லியிருக்கிறார். இவ்வளவு பெரிய நிறுவனத்தை வளர்த்துவிட்டு, தென்காசிப் பக்கத்துக் கிராமமொன்றில் இருக்கும் தமிழர் அவர். எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் பெருமையை மட்டும் பார்த்து ஒரு ஊரை இடம் மாற்றலாமா? யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

3 ஒக்டோபர், வெள்ளி

எங்கள் ஊர்க் குழுவில் உண்மையில் என்ன நடக்கிறது என்று இன்று பழைய செய்திகளை மேலிருந்து கீழே வாசித்துப் பார்த்தேன். காலை வணக்கப் படங்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது இவைதான்: அனலைதீவுப் படகு இன்றைக்கு ஓடுமா, எழுவைதீவுக்கு மருந்து கொண்டுபோக யார் இறங்குதுறைக்குப் போகிறார்கள், ஆஸ்பத்திரிக்கு எந்த வகை இரத்தம் வேண்டும், எந்த வீட்டில் செத்தவீடு, தேவாலயத் திருவிழாவுக்குக் கொடி எப்போது ஏறும், கிணற்றில் தண்ணீர் சவராகிவிட்டதால் பவுசர் எங்கே நிற்கிறது.

தீவில் இருப்பவர்களுக்கு இவை பொழுதுபோக்கு இல்லை. படகு ஓடாத செய்தி ஒருவருக்குச் சேராவிட்டால் அவர் விடியக் காலை நோயாளியோடு துறையில் வந்து நிற்பார். பாரிசிலும் ரொறொன்ரோவிலும் சுவிஸிலும் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இந்தக் குழுதான் ஊர். இங்கே யாருக்கு என்ன நடந்தாலும் அவர்கள் காசும் ஆறுதலும் அனுப்புவது இதைப் பார்த்துத்தான்.

ஆகவே குழுவை மாற்றுவது ஒரு செயலியைத் தூக்கிவிட்டு இன்னொன்றைப் போடுகிற வேலை இல்லை. மாறும்போது யார் விடுபட்டுப் போவார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

5 ஒக்டோபர், ஞாயிறு

பூசை முடிந்து வந்து, நாங்கள் இதுவரை மாறி வந்த இடங்களை எழுதிப் பார்த்தேன்.

தொண்ணூறுகளில் பல வருஷம் யாழ்ப்பாணத்தில் தொலைபேசி இல்லை. வெளிநாட்டுப் பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் 'பாஸ்' என்ற பயண அனுமதி எடுத்துக் கொழும்புக்குப் போய்க் கொம்யூனிகேஷன் கடையில் காத்திருக்க வேண்டும். பிறகு சமாதான காலத்தில் இன்டர்நெட் கடைகள் வந்தன. யாகூ மெசஞ்சரில் பிள்ளைகள் எழுதினார்கள். அதை 2018 ஜூலையில் மூடிவிட்டார்கள். போர் முடிந்தபின் ஸ்கைப்தான் எங்கள் கூடம். ரொறொன்ரோவில் பிறந்த பேரப்பிள்ளை தவழ்வதை எத்தனை அம்மாமார் ஸ்கைப்பில் பார்த்திருப்பார்கள்! மைக்ரோசொஃப்ட் 2011இல் 850 கோடி டொலர் கொடுத்து வாங்கிய அதே ஸ்கைப்பை இந்த வருஷம் மே 5ஆம் திகதி அந்த நிறுவனமே நிறுத்திவிட்டது. இடையில் வைபர். டுபாய்க்குப் போன பெடியளோடு கதைக்க வேறு செயலி, ஏனென்றால் அங்கே வாட்ஸ்அப் அழைப்பு எடுபடாது. இந்தியாவில் இளைய பிள்ளைகள் கூடியிருந்த ஓர்க்குட் 2014இல் போனது, கூகிள் பிளஸ் 2019இல் போனது, ட்விட்டருக்குப் பதிலாக இந்தியர்கள் செய்த கூ 2024இல் போனது.

ஒவ்வொரு மாற்றத்திலும் சிலர் எங்களோடு வரவில்லை. யாரும் யாரையும் வெட்டிவிடவில்லை. புதிய இடத்தில் அவர்கள் பெயர் இல்லை, அவ்வளவுதான். ஸ்கைப் நாட்களில் ஞாயிறு தவறாமல் கதைத்த எங்கள் சித்தப்பாவின் குடும்பத்தோடு வைபருக்கு வந்தபிறகு திருவிழாவுக்கு ஒருதரம் கதைத்தோம். பிறகு அதுவும் இல்லை. சண்டையும் இல்லை, கோபமும் இல்லை. இடம் மாறியதாலேயே ஒரு உறவு மெலிந்துபோனது.

7 ஒக்டோபர், செவ்வாய்

பக்கத்து வீட்டுப் பிள்ளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறாள். அவளைக் கூப்பிட்டு, "இந்தச் செயலியளில எழுதுறதை வேற ஆர் வாசிக்கலாம்?" என்று கேட்டேன்.

நன்றாக விளக்கினாள். வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரல் முதல் அனுப்புபவரின் போனில் பூட்டு விழுகிறது, பெறுபவரின் போனில்தான் திறக்கிறது. நடுவில் இருக்கும் நிறுவனத்திடமும் சாவி இல்லை. அரட்டையில் இந்த 2025 ஒக்டோபரில் அழைப்புகளுக்குத்தான் அந்தப் பூட்டு இருக்கிறது. எழுதும் செய்திகளுக்கும் கொண்டுவரப்போவதாக நிறுவனம் சொல்கிறது.

"அப்ப வாட்ஸ்அப் நல்லதா?" என்றேன்.

"செய்தி பூட்டிக்கிடக்கும் அன்ரி. ஆனால் நீங்கள் ஆரோட, எப்ப, எத்தனை தரம் கதைச்சனீங்கள் எண்டது தெரியும். அந்தக் கணக்குக்கும் விலை இருக்கு."

வாட்ஸ்அப்பைத் தொடங்கிய ஜான் கூமும் பிரையன் அக்டனும் விளம்பரமே போடமாட்டோம் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஃபேஸ்புக் 2014இல் 1,900 கோடி டொலருக்கு அதை வாங்கியது. பிறகு இருவரும் வெளியேறினார்கள். அக்டன் 2018இல் ஐந்து கோடி டொலர் கொடுத்து சிக்னல் என்ற செய்திச் செயலியின் இலாபநோக்கற்ற அறக்கட்டளைக்குத் துணைநின்றார். வாட்ஸ்அப்பில் விளம்பரம் வரப்போகிறது என்ற அறிவிப்பு இந்த வருஷம் ஜூனில் வந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்: ஒரு நிறுவனத்தின் வாக்குறுதி அதை நடத்தும் ஆட்கள் மாறும்வரைதான். வேம்புவின் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போகாதது. விளம்பரத்தை நம்பிப் பிழைப்பதுமில்லை. இவை நல்ல அறிகுறிகள். ஆனாலும் எங்கள் ஊரின் தொடர்பு முழுவதையும் ஒரு நல்ல மனிதரின் வாக்கில் கட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் தமிழர் என்பதால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடவும் முடியாது.

9 ஒக்டோபர், வியாழன்

இன்று உலக தபால் தினம். தபால் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வெடுத்தவள் என்பதால் இந்த நாளை நான் மறப்பதில்லை.

1874ஆம் ஆண்டு இதே ஒக்டோபர் 9இல் சுவிஸின் பேர்ன் நகரில் 22 நாடுகள் ஒரு உடன்படிக்கை எழுதின. அதற்கு முன் ஒரு கடிதம் எல்லை தாண்டினால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கட்டணம், ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனி ஒப்பந்தம். பேர்னுக்குப் பிறகு ஒரு நாட்டில் ஒட்டிய முத்திரையை மற்ற நாடுகளும் மதித்து, கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஊர்காவற்றுறையில் போட்ட கடிதம் சூரிச்சில் திறக்க, பெறுபவர் இலங்கைத் தபாலில் அங்கத்தவராகச் சேரத் தேவையில்லை. நான் வேலைசெய்த காலம் முழுவதும் இதை ஒரு அதிசயமாக நினைத்ததேயில்லை. இன்றுதான் நினைக்கிறேன்.

தொலைபேசியும் அப்படித்தான். டயலொக் இலக்கத்திலிருந்து மொபிட்டல் இலக்கத்துக்கு எடுக்கலாம். மின்னஞ்சலும் அப்படித்தான். செய்தி அனுப்பும் செயலிகளில் மட்டும் எதிர்ப்பக்கத்தில் இருப்பவரும் அதே செயலியில் இருந்தாக வேண்டும். அதனால்தான் ஒருவர் மாறினால் ஊரே மாற வேண்டியிருக்கிறது.

இதை வேம்புவும் சொல்லியிருக்கிறார். மின்னஞ்சலைப் போலவும் இந்தியாவின் யூபிஐ பணப் பரிமாற்றத்தைப் போலவும் செய்திச் செயலிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும், மூடிக்கிடக்கக் கூடாது என்பது அவருடைய விருப்பம். ஐரோப்பிய ஒன்றியம் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. அதன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின்படி வாட்ஸ்அப் போன்ற பெரிய சேவைகள் பிற செயலிகளுக்குக் கதவு திறக்க வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து அந்தக் கடமை இருக்கிறது. பாரிசிலிருக்கும் எங்கள் பிள்ளைகளுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் இந்த உரிமை இங்கே எங்களுக்கு இல்லை. புதிய செயலிக்காக ஆட்களைச் சேர்க்கும் உற்சாகத்தில் பாதியையாவது இந்த உரிமையைக் கேட்பதற்குச் செலவிட்டால் என்ன?

12 ஒக்டோபர், ஞாயிறு

முந்தாநாள் இரவு எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் மோசம் போய்விட்டார். மகன் குழுவில் மரண அறிவித்தலைப் போட்டவுடனே பாரிசிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அந்தப் பெரியவரோடு ஒன்றாகக் களங்கண்ணி வலை கட்டிய கூட்டாளி நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறார். அவரிடம் இருப்பது பட்டன் போன். காலையில் கோயில் மணியைக் கேட்டபிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

செத்தவீட்டில் என் பக்கத்தில் வந்திருந்து, "பிள்ளை, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார். அந்த இரவில் கூட்டாளியின் பக்கத்தில் இருக்க அவருக்கு உரிமை இருந்தது.

வாட்ஸ்அப்பா அரட்டையா என்று இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதிருக்கும் குழுவே எல்லாரையும் சேர்க்கவில்லை. எங்கள் ஊரில் பட்டன் போன் வைத்திருப்பவர், கண் தெரியாதவர், றீலோட் போடக் காசில்லாதவர், மகன் வீட்டுக்கு வந்தால்தான் போன் பார்ப்பவர் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. மறுபடியும் இடம் மாறினால் அந்தக் கூட்டம் இன்னும் பெருகும்.

15 ஒக்டோபர், புதன்

பெறாமகன் இரவு திரும்ப எடுத்தான். மோசம் போன பெரியவரின் கூட்டாளிக்கு நடந்ததைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு நல்ல கேள்வியொன்று கேட்டான்.

"பெரியம்மா, ஒண்டை மட்டும் நம்பியிருந்தால், அது நிண்டுபோனால் என்ன செய்வியள்?"

நியாயமான கேள்வி. எங்களுக்கு அந்த அனுபவம் உண்டு. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் முஸ்லிம் மக்கள் மீது வன்முறை நடந்தபோது அரசாங்கம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகும் முடக்கியது. 2022 ஏப்ரல் 3, மக்கள் போராட்டத்துக்குத் தயாரான அன்றும் முடக்கியது. 2021 ஒக்டோபர் 4இல் எந்த அரசாங்கமும் முடக்காமலே ஃபேஸ்புக் நிறுவனத்தின் செயலிகள் உலகமெங்கும் ஆறு மணித்தியாலம் அளவில் வேலை செய்யவில்லை.

இரண்டாவது வழி ஒன்று கட்டாயம் வேண்டும். ஆனால் முடக்குகிற அரசாங்கம் ஒரு செயலியோடு நிற்பதில்லை, பட்டியலாகத்தான் முடக்கும். புதிய செயலி பெரிதானால் அதுவும் பட்டியலில் ஏறும். இன்டர்நெட் நின்றாலும் நிற்காத வழிதான் எங்களுக்கு இரண்டாவது வழி: சாதாரண அழைப்பு, எஸ்எம்எஸ், அறிவித்தல் பலகை, வீட்டுப் படலையில் வந்து நின்று சொல்லும் ஆள். இவற்றுக்கு நாங்கள் எந்த நிறுவனத்திலும் சேரத் தேவையில்லை.

19 ஒக்டோபர், ஞாயிறு

சனசமூக நிலையத்தில் கூடினோம். மாதர் சங்கத்தவர்கள், படகோட்டிகள், வாசகசாலைப் பெடியள் வந்தார்கள். நாளை தீபாவளி என்பதால் சைவ ஆட்கள் நேரத்தோடு போக வேண்டியிருந்தது. அதனால் பேச்சைச் சுருக்கமாக வைத்தோம்.

இளைய பெடியன் ஒருவன், "தமிழ்ச் செயலியை நாங்களே ஆதரிக்காட்டி ஆர் ஆதரிக்கிறது?" என்று கேட்டான். அவனுடைய ஆசை எனக்குப் பிடித்திருந்தது. தனியாகச் சேர விரும்புகிறவர்கள் தாராளமாகச் சேரலாம், அதை யாரும் தடுக்கவில்லை என்று சொன்னேன். மாற்ற வேண்டாம் என்பது ஊர்ச் செய்தி வரும் இடத்தைத்தான்.

முடிவு இதுதான். குழு இருக்கும் இடத்திலேயே இருக்கும். ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு பிள்ளை பொறுப்பு. மரணம், படகு, இரத்தம், புயல் எச்சரிக்கை ஆகிய நான்குக்கும் அந்தப் பிள்ளை தன் ஒழுங்கையில் பட்டன் போன்காரருக்கு அழைப்பு எடுக்க வேண்டும், போனே இல்லாதவர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களின் இலக்கங்களும் இங்குள்ளவர்களின் இலக்கங்களும் கடதாசிப் பெயரேடு ஒன்றில் ஏறும். கேட்டு, அவரவர் சம்மதித்தால் மட்டுமே எழுதுவது. ஏடு நிலையத்தின் பூட்டிய அலுமாரியில் இருக்கும். இறங்குதுறைப் பலகையில் படகு நேரத்தைத் தினமும் எழுதப் படகோட்டி ஒருவர் முன்வந்தார்.

21 ஒக்டோபர், செவ்வாய்

பெறாமகனுக்கு இன்று எழுதி அனுப்பினேன்.

"தம்பி, நான் இப்போதைக்கு அரட்டையில் சேரவில்லை. இரண்டு காரியம் நடந்தால் சேருகிறேன். ஒன்று, நாங்கள் எழுதும் செய்திகளுக்கும் அந்தப் பூட்டு வரட்டும். இரண்டு, நீ அங்கிருந்து அனுப்புவது நான் இங்கிருக்கும் செயலியில் திறக்கட்டும். அது உங்கள் வேம்பு ஐயாவும் விரும்புகிறதுதானே. பாவிக்கிற நீங்கள் எல்லாரும் அதைத் திரும்பத் திரும்பக் கேளுங்கோ. அது நடந்தால் நீ எங்கே இருக்கிறாய், நான் எங்கே இருக்கிறேன் என்ற கேள்வியே எழாது. எந்தத் தமிழ் நிறுவனமும் எங்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்."

அவன் கோபிக்கவில்லை. தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் எங்கள் ஊர்க் குடும்பங்களின் இலக்கங்களை, அவர்களைக் கேட்டுச் சேர்த்துத் தருவதாகச் சொன்னான். அந்தப் பக்கத்தை அவன் பொறுப்பில் விட்டேன்.

பெயரேட்டின் முதல் பக்கங்களில் பட்டன் போன்காரரும் போன் இல்லாதவர்களும்தான் வர வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். செய்தி அவர்களிலிருந்து தொடங்கட்டும். மற்றவர்களைப் பிடிப்பது கடினமில்லை.