கைக்கேற்ற கோல்: நுவரெலியாப் புற்றரையிலே

நுவரெலியாவுக்குச் சுற்றுலாப் போகும் நம்மவர் வழக்கமாகக் காணும் காட்சிகள் சில உள. விக்டோரியாப் பூங்காவில் மலர்களைக் காண்பர். கிரகரி வாவியிலே படகேறுவர். சீதாஎலியாவில் அம்மனை வணங்கி, ஹக்கலைப் பூந்தோட்டத்தையும் பார்த்துத் திரும்புவர். ஊரின் நடுவே, கடைத்தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில் விரிந்து கிடக்கும் பெரும் புற்றரையை மட்டும் தெருவோரத்தில் நின்று ஒருகணம் நோக்கிவிட்டு, “அது துரைமாரின் விளையாட்டு; நமக்கென்ன?” என்று அப்பாற் செல்வர். சென்ற சித்திரை விடுமுறையில் நாம் அந்தப் புற்றரைக்குள்ளேயே இரண்டு நாட்களைக் கழித்தோம். அங்கே கண்டவற்றுள் நம் மாணவருக்கும் குடும்பத்தாருக்கும் பயன்படும் செய்தியொன்று இருந்தமையால் அதனை இங்கு எழுதலானோம்.

நுவரெலியாக் கோல்ப் கழகம் 1889ஆம் ஆண்டிலே தோன்றியது. கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 6,100 அடி உயரத்தில், பீதுருதாலகால மலையின் அடிவாரத்தில் அமைந்த மைதானம் அது. சைப்பிரஸ், பைன், யூக்கலிப்டஸ் மரங்கள் இருமருங்கும் மதில்போல நிற்கின்றன. அவற்றினிடையே ஒடுங்கிய புல்வழிகள் மேடேறியும் பள்ளமிறங்கியும் செல்கின்றன. ஆங்காங்கே நீரோடைகள் குறுக்கிடுகின்றன. மைதானத்தையொட்டிய பழைய இடுகாட்டிலே மேஜர் றொஜர்ஸ் என்பாரின் கல்லறை உண்டு. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்திய அவர் 1845இல் அப்புத்தளையிலே மின்னல் தாக்கி மாண்டார். மழைமுகில் திரண்டதும் ஆட்டக்காரர் இரும்புக்கோல்களைப் பையிலிட்டுக்கொண்டு விரைந்து கரையேறுவதைக் கண்டபோது, அக்கல்லறை அவர்களை எச்சரிக்கவே அங்கு இருப்பதுபோலத் தோன்றிற்று.

ஆட்டத்தின் இயல்பை அறியாதார் பொருட்டு இரண்டொரு வார்த்தை. ஏறத்தாழ 46 கிராம் நிறையுள்ள சிறு பந்தைக் கோலால் அடித்து, நாலேகால் அங்குல அகலமுள்ள குழியிலே விழுத்தவேண்டும். இவ்வாறு 18 குழிகள். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவர் வென்றவராவர். ஒருவர் தமது பையில் 14 கோல்கள் வரை வைத்திருக்கலாம். தொலைவுக்கு அடிக்கும் பெருந்தலைக் கோல்கள் சில. குழியருகே மெல்ல உருட்டும் கோல் ஒன்று. இவற்றுக்கு இடைப்பட்ட வேலைகள் யாவற்றையும் செய்பவை இரும்புக்கோல்கள். ஆட்டக்காரர் அவற்றை ‘அயன்’ என்பர். இலக்கம் ஏற ஏறக் கோல் குறுகும். அதன் முகம் பின்னோக்கிச் சாயும். பந்து உயர எழுந்து அண்மையில் விழும்.

இரும்பு வந்த கதை

கோல்ப் ஆட்டம் ஸ்கொட்லாந்தின் கடற்கரை மணல்வெளிகளிலே வளர்ந்தது. பழங்காலத்தில் தோலுறைக்குள் இறகுகளைத் திணித்துத் தைத்த பந்தையே பயன்படுத்தினர். இரும்பு பட்டால் அது கிழிந்துவிடும். ஆதலால் மரக்கோல்களே பெருவழக்காயின. 1848ஆம் ஆண்டளவில் மலாய் நாட்டுக் காடுகளின் ‘கட்டாபேர்ச்சா’ மரப்பாலினாற் செய்த கெட்டிப் பந்து வந்தது. அதன் பின்னரே கொல்லருலையில் அடித்த இரும்புக்கோல்கள் பெருகின. ‘மாஷி’, ‘நிப்ளிக்’ என்று அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. வண்டிச்சக்கரம் பதிந்த தடத்திலிருந்து பந்தைக் கிளப்புவதற்கென்றே ஒரு சிறு கோலும் இருந்ததாம்! பின்னாளில் பெயர்கள் மறைந்து இலக்கங்கள் வந்தன. 1929இல் உருக்குத் தண்டுகளுக்கும் பிரித்தானியாவிலே அனுமதி கிடைத்தது.

தண்டு மாறினும் தலை மாறவில்லை. கத்திபோல மெலிந்து, நடுவிலே கனம் திரண்ட அத்தலையை ‘பிளேட்’ என்பர். அதன் நடுவே சிறு நாணயமளவான இடத்திற் பந்து பட்டால் வெண்ணெயை வெட்டியதுபோல இனிதாயிருக்கும். அரை அங்குலம் விலகிப் பட்டாலோ தலை கையிலே திருகும். பந்து பக்கவாட்டில் ஓடும். நுவரெலியாவின் காலைக் குளிரில் அவ்வாறு பட்டால் விரல்கள் விறைத்து முழங்கை வரை அதிரும்.

இக்குறையை ஆராய்ந்து மாற்றியவர்களுள் முன்னிற்பவர் கார்ஸ்டன் சொல்ஹைம். நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிலே பொறியியலாளராகத் தொழில் புரிந்தவர். ‘பிங்’ என்னும் கோல்களைச் செய்தவர். கழைக்கூத்தாடி கயிற்றிலே நடக்கும்போது நீண்ட கழியைக் குறுக்கே பிடிப்பதை நாம் கண்டிருக்கிறோம். கனம் இரு முனைகளிலும் விலகி நிற்பதால் கழி எளிதிற் சுழலாது, அவனும் சாயமாட்டான். இதே விதியைச் சொல்ஹைம் கோலிலே கையாண்டார். முதுகைக் குடைந்து, அங்கிருந்த கனத்தை ஓரங்களுக்கு மாற்றினார். விலகிப் பட்டாலும் அத்தலை அதிகம் திருகுவதில்லை. இன்று பெரும்பாலான ஆட்டக்காரர் கையிலிருப்பவை இத்தகைய குடைமுதுகுக் கோல்களே.

நண்பரின் பை

எம்மை அழைத்துச் சென்ற நண்பர் தோட்ட வைத்தியசாலையொன்றில் மருந்தாளராயிருந்து ஓய்வுபெற்றவர். இருதய நோய் கண்டபின், நாள்தோறும் நடக்கவேண்டும் என்று வைத்தியர் வற்புறுத்தியதால் ஐம்பத்தெட்டாவது வயதிலே இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். பதினெட்டுக் குழிகளையும் சுற்றிவந்தால் நாலைந்து மைல் நடையாகும். வெறுமனே நட என்றால் நடவாத மனிதர் பந்தின் பின்னே நடந்தார். தோட்டத்துரையொருவர் பிறநாடு செல்லும்போது அன்பளிப்பாகக் கொடுத்த கோல்களே அவரிடம் இருந்தன; யாவும் பளபளக்கும் மெல்லிய ‘பிளேட்’ கோல்கள்.

இரண்டு வருடமாகியும் பந்து நேரே போகவில்லை. “இது நமக்கு வராது, வருகிற மாதத்தோடு விட்டுவிடப்போகிறேன்” என்று அவர் கூறியபோது அவருடைய மனைவியாரின் முகம் வாடிற்று. ஆட்டம் நின்றால் நடையும் நின்றுவிடும் என்பதை அம்மையார் அறிவார். இன்னொரு யோசனையும் அவருக்கு இருந்தது. உலக வீரர்கள் பயன்படுத்தும் புதிய கோற்றொகுதி ஒன்றை ஓய்வூதியச் சேமிப்பை எடுத்து வாங்கிப் பார்க்கலாமா என்பது. முன்னையது உடலைக் கெடுக்கும். பின்னையது வீட்டைக் கெடுக்கும்.

இதற்கு விடை தந்தவர் பை சுமக்கும் தொழிலாளி ஒருவர். ‘கெடி’ என்று வழங்கப்படும் இத்தொழிலாளருள் பலர் சுற்றுவட்டாரத் தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்த தமிழர். புல்லின் சாய்வையும் காற்றின் போக்கையும் ஆட்டக்காரரின் கையையும் ஒருசேர அறிந்தவர்கள். அவர் பந்தொன்றிலே மைப்பேனாவாற் பொட்டிட்டு, பொட்டுள்ள பக்கம் கோலின் முகத்தை நோக்கும்படி வைத்து, “அடியுங்கள் ஐயா” என்றார். பந்து பட்ட இடத்திலே பொட்டு பதிந்தது. இவ்வாறு பத்து அடிகள். ஏழாம் இலக்க அயனின் முகத்திற் பத்துப் பொட்டுகள் சிதறிக் கிடந்தன. நடுவிற் பட்டவை இரண்டு; நுனிப்பக்கம் ஐந்து; கீழ்விளிம்பில் மூன்று.

“ஐயா, இந்தக் கோல் பத்துக்குப் பத்தும் கேட்கிற கோல். உங்கள் கைக்கு இப்போது இரண்டுதான் வரும்” என்று கூறி, வேறொருவரின் பழைய குடைமுதுகு அயனை அனுமதி பெற்று எடுத்துவந்தார். மீண்டும் பத்து அடிகள். பொட்டுகள் முன்போலவே சிதறின. ஆனால் பந்துகள் முன்போலச் சிதறவில்லை. ஏழு பந்துகள் புல்வழியிலேயே கிடந்தன. கை மாறவில்லை, பிழைக்குரிய தண்டனையே குறைந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. பெரும்பாலும் அது மெய்யே. எனினும் சிலவேளை கூடமும் உண்மையிலே கோணலாயிருப்பதுண்டு. குருவி தலையிலே பனங்காயை வைத்துவிட்டு, அது பறக்கவில்லையே என்று குருவியை நோவதாற் பயனென்ன?

தேர்வுக்குச் சில வழிகள்

அன்று மாலை ஆட்டத்திற் பழுத்த சிலரோடு உரையாடி அறிந்தவற்றை வகைப்படுத்தித் தருகிறோம்.

முதலாவது, தன் நிலையை மறையாது அறிதல். ஆட்டக்காரரின் திறனைக் குறிக்கும் சலுகை எண்ணை ‘ஹண்டிக்கப்’ என்பர். எண் பெரிதாயின் திறன் இன்னும் வளரவேண்டும் என்பது பொருள். இருபதுக்கு மேற்பட்டோருக்கு ஆழக் குடைந்த முதுகும் அகன்ற அடிப்பாகமும் உள்ள கோல்களே ஏற்றவை. பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்டோர் சற்று மெலிந்த குடைமுதுகுக் கோலை நாடலாம். பந்தை வேண்டியபடி வளைத்தும் தாழ்த்தியும் அடிக்க வல்ல தேர்ந்தோருக்கே ‘பிளேட்’ பயன் தரும். தொழில்முறை வீரரிற் பலரும் குடைமுதுகுக் கோலையே கையாள்கின்றனர். ஆதலின் அதை வாங்குவதில் நாணுதற்கு எதுவுமில்லை.

இரண்டாவது, ஆடும் நிலத்தை நோக்குதல். நுவரெலியாவிலே மழை மிகுதி. புல் ஈரமாய், மண் இளகியிருக்கும். கூரிய ஒடுங்கிய அடியுள்ள கோல் மண்ணைக் குத்தி நின்றுவிடும். அகன்ற அடியோ வழுக்கிச் செல்லும். உயரத்தில் காற்று ஐதாக இருப்பதால் பந்து நூற்றுக்கு ஆறேழு பங்கு கூடுதலாகப் பறக்கும். குளிர் அதிற் சிறிதைக் குறைத்துவிடும். கடல் மட்டத்தையொட்டிய கொழும்பிலே 150 யார் செல்லும் அடி இங்கே 160 யாரை அண்மிக்கலாம். ஒடுங்கிய வழிகளில் தொலைவினும் நேர்மையே பெரிது என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது, தண்டு. உருக்குத் தண்டு கனமானது; வலிய கைகளுக்கு நிதானம் தரும். காபன் இழையாலான ‘கிரபைட்’ தண்டு இலேசானது, அதிர்வையும் குறைக்கும். முதியோருக்கும் மெல்ல வீசுவோருக்கும் மூட்டுவலியுள்ளோருக்கும் அதுவே நலம். தண்டின் வளைவு வீச்சின் வேகத்துக்கு இசையவேண்டும். வேகம் குறைந்தவர் விறைத்த தண்டைப் பிடித்தால் பந்து எழாது.

நான்காவது, அளவு. உயரத்தை மட்டும் பார்த்து நீளத்தை முடிவு செய்தல் தவறு. மணிக்கட்டிலிருந்து நிலம் வரையுள்ள தூரத்தையும் அளக்கவேண்டும். கைப்பிடியைப் பற்றும்போது இடக்கையின் நடுவிரல்கள் உள்ளங்கையை இலேசாகத் தொடவேண்டும். அழுந்தினால் பிடி சிறிது, எட்டாவிட்டால் பெரிது. அடிப்பாகத்தின் தேய்வு நுனியிலோ குதியிலோ மட்டும் காணப்பட்டால் கோலின் சாய்வைத் திருத்துவித்தல் வேண்டும்.

ஐந்தாவது, இலக்கத்தைக் கண்டு மயங்காமை. இன்று விற்கும் பல ஏழாம் இலக்க அயன்கள் முன்னாளைய ஆறாம், ஐந்தாம் இலக்கங்களின் சாய்வையே கொண்டவை. “ஏழாலே இவ்வளவு தூரம்!” என்று வியப்போர் வாங்குவது புதிய திறனையன்று, புதிய இலக்கத்தையே. ஆதலால் பாகையைக் கேட்டு வாங்குக.

ஆறாவது, தொகை. தொடங்குவோருக்குப் பதினான்கு கோல் தேவையில்லை. மூன்றாம் நான்காம் இலக்க நீள அயன்கள் தேர்ந்தோருக்கே கடினமானவை. அவற்றுக்குப் பதிலாக மரக்கோலும் அயனும் கலந்த ‘ஹைபிரிட்’ ஒன்றிரண்டு போதும். ஆறு முதல் ஒன்பது வரை, கிட்டத்து அடிக்கு ஒன்று, மணற்குழிக்கு ஒன்று என அரைத்தொகுதி அமைத்துக்கொள்ளலாம். கோல்கள் இறக்குமதிப் பொருள்கள், விலையோ பெரிது. முகத்தின் வரிகள் தேயாமலும் தண்டு வளையாமலும் இருந்தால், பிறர் பாவித்த கோல் குறைவானதன்று. பிடியை மட்டும் புதுப்பித்தாற் போதும்.

நண்பர் சேமிப்பைத் தொடவில்லை. இலேசான தண்டுள்ள பழைய குடைமுதுகுக் கோல்கள் ஆறினை வாங்கிக்கொண்டார். அவர் பெருவீரராகிவிடவில்லை, நூற்றுப் பத்து அடிகளுக்குக் குறைந்து இன்னும் சுற்றை முடித்ததில்லை என எழுதியிருக்கிறார். ஆனால் வாரத்தில் மூன்று நாள் நடக்கிறார்.

‘துரைமாரின் விளையாட்டு’ என்று நாம் விலகி நின்ற இத்துறையிலே ந. தங்கராஜா, கே. பிரபாகரன் ஆகிய இலங்கைத் தமிழர் இந்தியத் தொழில்முறைப் போட்டிகள் வரை சென்று ஆடியிருக்கின்றனர். முன்னர் பை சுமக்க மட்டும் இடமிருந்த புற்றரையில் இன்று கோலெடுத்து ஆடவும் நம்மவருக்கு இடமுண்டு.

வகுப்பறையிலே நாம் நாள்தோறும் காண்பதும் இதுவே. முதலிடம் பெறும் பிள்ளை படிக்கும் நூலையே யாவருக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டு, பின்தங்கிய பிள்ளையை மந்தபுத்தி என்கிறோம். தக்க கருவி திறமையைத் தராது. ஆனால் திறமை வரும்வரை ஒருவனைக் களத்திலே நிறுத்திவைக்கும். களத்தில் நின்றவனே நாளடைவிற் கற்றுக்கொள்கிறான். அடுத்த முறை நுவரெலியாவுக்குச் செல்லும் நேயர்கள், தெருவோரத்தில் நின்றுவிடாது, அனுமதி பெற்று உள்ளே சென்று, பை சுமப்பவர் ஒருவரோடு சிறிது நேரம் உரையாடிப் பார்ப்பார்களாக.