மலைக்குப் போவதும் படிப்புதான்!

"ஆல்ப்ஸ்ல படிக்கிறியா? அப்ப படிக்கறதே இல்லன்னு சொல்லு." நண்பர்களின் இந்தக் கிண்டலில் பாதி உண்மை. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் 1669இல் தொடங்கிய பல்கலைக்கழகம் எங்களுடையது. ஆனால் நகர நடுவில் ரயில் ஏறி, கேபிள் கார் மாறினால், சீக்கிரமே 2,000 மீட்டருக்கு மேலே நிற்கலாம். அந்த ஹாஃபெலேகார் உச்சியருகேதான், காஸ்மிக் கதிர்களுக்காக 1936இல் நோபல் பெற்ற விக்டர் ஹெஸ் ஆய்வகம் அமைத்தார். வீட்டில் சொல்ல எனக்கு இது போதும்.

ஆனால் நான் மலையேறுவது ஸ்னோபோர்டுக்காக. அதில் இரண்டு கால்களும் ஒரே பலகையில் பூட்டப்பட்டிருக்கும். குதிகால் ஓரம், விரல் ஓரம் என்று எடையை மாற்றித்தான் திரும்ப முடியும். சரிவு பார்த்த ஓரம் பனியில் குத்தினால், கண் இமைப்பதற்குள் கீழே கிடப்போம். அப்போது உள்ளங்கையை ஊன்றக் கூடாது, மணிக்கட்டு போய்விடும்.

பனிச்சரிவு அபாயத்தை இங்கே 1 முதல் 5 வரை அறிவிப்பார்கள். எல்லோரும் 4, 5க்குத்தான் பயப்படுகிறார்கள். அதிக உயிர்கள் போவது 3இல். 'பரவாயில்லை' என்று ஆட்கள் தடம் விட்டு இறங்குவது அன்றைக்குத்தானே!

 

இங்கே படிக்க வரும் தம்பி தங்கைகளே, முதல் குளிர்காலத்திலேயே பலகை வாங்காதீர்கள். வாடகைக்கு எடுங்கள். மிஞ்சும் பணத்தில் ஒரு நல்ல ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் வாங்குங்கள்.