பிரட்டுத் தப்பும் 'கலா'வும்

இசை என்றால் செவிக்கு இனிமை தருவது என்றே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவுகோலோடு, 2007ஆம் ஆண்டு வெளிவந்த 'கலா' என்ற இசைத்தொகுப்பை அணுகுகிறவர் ஏமாற்றமே அடைவார். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் பிள்ளைப் பருவத்தைக் கழித்து, போரினால் மீண்டும் இலண்டனுக்கு அகதியாகச் சென்றவர். 2005இல் வந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் பெயரால் 'அருளர்' என்றும், இதற்குத் தாயின் பெயரால் 'கலா' என்றும் பெயரிட்டார்.

ஹட்டனில் மாணவர் சிலரோடு இதனை முதன்முறை கேட்டேன். இதை எந்த வகையில் சேர்ப்பது? ஒரு பாட்டில் உறுமி முழங்குகிறது. இன்னொன்றில் அவுஸ்திரேலிய ஆதிக்குடிச் சிறுவர்கள் பாடுகிறார்கள். மற்றொன்று 'டிஸ்கோ டான்ஸர்' என்ற 1982ஆம் ஆண்டு இந்திப் படப் பாட்டின் மறு வடிவம். வேறொன்றின் பல்லவியில் துப்பாக்கி வெடிக்கிறது. உடனே கல்லாப்பெட்டி திறக்கிறது. மெட்டைப் பற்றிக்கொள்ள முயன்றால் தாளம் நம்மைத் தள்ளிவிடுகிறது. "வெறும் இரைச்சல்" என்றாள் ஒரு மாணவி. "உறுமி வாற இடம் நம்ம காமன் கூத்துத் தப்பு மாதிரி இருக்கு சேர்" என்றான் இன்னொருவன்.

அந்தச் சொல் சிந்திக்கற்பாலது. தோட்டத்தில் தப்புக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைக்க முழங்கிய தப்பு, துரையின் கட்டளை. காமன் கூத்திலும் திருவிழாவிலும் சாவீட்டிலும் முழங்கும் தப்பு, மக்களின் குரல். ஆயினும் அதை அடிப்பவரைச் சாதியின் பெயரால் ஒதுக்கியே வைத்தோம். படித்த இளைஞர் பலர் தப்பைத் தொடக் கூசுவதற்குக் காரணம் அதன் ஓசையன்று; அதன்மேல் சுமத்தப்பட்ட இழிவே. தோலும் தாளமும் இலண்டன் வழியாக வந்தால் புதுமை, லயத்து வாசலில் எழுந்தால் இரைச்சல் என்பது எந்த நியாயம்?

பிறர் மெட்டில் தம் செய்தியைச் சொல்வதும் இம்மலைகளுக்குப் புதிதன்று. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, சினிமா மெட்டுகளில் பாட்டுக் கட்டித் தொழிலாளரிடையே பாடினார்; 1940இல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். அவர் பாட்டைக் கேட்டவர்கள், அந்தப் பாட்டு யாரைப் பற்றியதோ அவர்களே. 'கலா'வுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பெருநகர நடனசாலைகளில் வறுமையும் துப்பாக்கியும் வெறும் அலங்காரமாகிவிடும் அபாயம் இருப்பதை மறுப்பதற்கில்லை.

எனினும் இத்தொகுப்பை அலங்காரம் என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. அமெரிக்க விசா தடைப்பட்டதனாலேயே பாடகி சென்னை முதலிய பல ஊர்களில் இதனை ஒலிப்பதிவு செய்ய நேர்ந்தது. எல்லையில் மறிக்கப்படுகிறவரின் எரிச்சலும் எக்களிப்பும் இதில் கலந்திருக்கின்றன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு, கடதாசியைக் கொண்டு மனிதனை அளக்கும் உலகத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தப்பைப் பள்ளி விழாவில் ஒருநாள் மேடையேற்றிவிட்டுக் கைகழுவாமல், அதன் அடிகளையும் வரலாற்றையும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கலாம். கற்பிக்கும் கலைஞருக்கு மாலையோடு உரிய ஊதியத்தையும் கொடுக்கலாம்.