எழுத்து ஒன்று, ஒலி மூன்று

ஆங்கிலத்தில் இறந்தகாலத்தைக் காட்டுவதற்கு வினைச்சொல்லின் இறுதியில் சேர்க்கும் 'ஈ-டி' என்ற ஈரெழுத்துக்கு ஒலிகள் மூன்று. நம்மவருட் பலர் ஒன்றையே அறிவர். நடந்தான் என்பதை 'வோக்கெட்' என்றும் கேட்டான் என்பதை 'ஆஸ்கெட்' என்றும் உச்சரிப்பர். தமிழில் ககர மெய்யை அடுத்து டகர மெய் வராது. இடையே ஓர் உயிரை நுழைத்துக்கொள்வது தமிழ் நாவின் இயல்பு.

குரல் அதிராத க், ப், ஸ் போன்ற ஒலிகளின் பின்னர் அந்த 'ஈ-டி', யாழ்ப்பாணத்தார் 'வெற்றி' என்கையில் எழும் வல்லின றகரத்தை ஒத்து ஒலிக்கும். அதிரும் ஒலிகளின் பின்னர் 'வண்டி'யில் உள்ள மெலிந்த டகரத்துக்கு அண்மையதாகும். வினையே 'ரீ' அல்லது 'டீ' ஒலியில் முடிந்தால் மட்டும் 'இட்' என்று தனியசையாகும்.

இது நமக்குப் புதியதன்று. நடந்தான், உண்டான், தின்றான் என்பவற்றில் த், ட், ற் என இறந்தகால இடைநிலை மாறி வருகிறது. நாம் ஒலிப்பதை எழுதிவிடுகிறோம். ஆங்கிலம் ஒரே எழுத்துக்குள் ஒளித்துவைக்கிறது.

'வோக்கெட்' என்றதற்காக நேர்முகத் தேர்வில் நகைக்கப்பட்ட இளைஞர்களை நான் அறிவேன். நகைத்தவர்களுக்கு ஒரு செய்தி: முன்னொரு காலத்தில் ஆங்கிலேயரும் அந்த உயிரை ஒலித்தவர்களே. அது உதிர்ந்து மெய்யொலிகள் மோதுவது காதுக்கு இனிமையில்லை என்று, ஆங்கில மொழியைத் திருத்துவதற்கு 1712இல் வெளியிட்ட முன்மொழிவில் ஜொனதன் ஸ்விப்ற் குறைப்பட்டுக்கொண்டார். கற்றறிந்தவரைக் குறிக்கும் 'லேர்னெட்' என்ற சொல்லில் அந்தப் பழைய உயிர் இன்றும் வாழ்கிறது.

உச்சரிப்புப் பிழையால் வருவது பெரும்பாலும் நகைப்புத்தான். வினைச்சொல் மாறினால் பொருளே மாறிவிடும். நீதிமன்றச் செய்திகளை மொழிபெயர்த்த நாட்களில் இதனை நன்கு கண்டேன். படத்தைச் சுவரில் தொங்கவிட்டால் 'ஹங்'. மனிதனைத் தூக்கிலிட்டால் 'ஹாங்ட்'. (இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976இல்.)

எழு, எழுப்பு, விழு, வீழ்த்து, கிட, கிடத்து எனத் தமிழில் தன்வினை பிறவினை உண்டல்லவா? ஆங்கிலத்தின் 'றைஸ்', 'றெய்ஸ்' அத்தகையவை. கிட, கிடத்து என்பவற்றுக்கு ஈடான 'லை', 'லே' இரண்டுந்தான் பொல்லாதவை. கிடந்தேன் என்பதற்கு 'லே' என்பதே இறந்தகாலம். கிடத்தினேன் என்பதற்கு 'லெய்ட்'. பொய் சொல்வதும் 'லை'தான். அதன் இறந்தகாலம் 'லைட்'.

புகலிடம் கோருபவர் ஒருவர், இராணுவம் வந்தபோது நிலத்தில் படுத்துக் கிடந்ததைச் சொல்ல முயன்று 'ஐ லைட்' என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரியின் செவியில் விழுவது 'நான் பொய் சொன்னேன்' என்பதாகும். அரைகுறை ஆங்கிலத்தில் துணிந்து பேசுவதைவிட, மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெற்றுத் தமிழிலேயே சொல்வது நன்று. 'கிடந்தேன்' என்ற சொல்லில் எவருக்கும் ஐயம் எழாது.