ஏழாவது நாற்காலி

"எங்களிடம் எல்லாச் சமூகத்தினரும் வேலை பார்க்கிறார்கள்" என்று நான் பணியாற்றிய கல்லூரியின் நிர்வாகம் பெருமையாகச் சொல்லும். பொய்யில்லை. கழிவறை கழுவும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அத்தனை பேரும் எங்கள் மக்கள். ஆசிரியர் அறையில் நான் ஒருத்தி மட்டும்.

தோழர்களே, எத்தனை பேர் என்பதோடு, எந்தப் பணியில், எந்தத் துறையில் என்றும் கேட்க வேண்டும். எண்ணும் முறையிலேயே சாதி ஒளிந்துகொள்ளும்.

மத்தியப் பல்கலைக்கழகங்களைப் பாருங்கள். அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பைக் காட்டி, ஆசிரியர் இடஒதுக்கீட்டைத் துறைவாரியாகக் கணக்கிடும்படி 2018 மார்ச்சில் யுஜிசி சொன்னது. அந்தச் சுழற்சியில் பட்டியல் சாதியினருக்கு 7ஆவது பணியிடம், பழங்குடியினருக்கு 14ஆவது. ஐந்து ஆசிரியர்கள் உள்ள துறையில் இருவர் ஓய்வுபெறும்வரை நமக்கு நாற்காலி இல்லை. விழுக்காடு குறையவில்லை, இடம் மட்டும் காணாமல் போனது. நாடெங்கும் போராட்டம் நடந்த பிறகே, முழு நிறுவனத்தையும் ஓர் அலகாகக் கொள்ளும் சட்டம் 2019இல் வந்தது.

சட்டம் வந்தும், "தகுதியானவர் கிடைக்கவில்லை" என்று எழுதி இடங்களைக் காலியாக வைக்கிறார்கள். நீங்கள் படிப்பது அரசுக் கல்லூரி என்றால், அதன் இனச்சுழற்சிப் பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். துறைவாரியாக, பணிவாரியாகக் கேளுங்கள்.