கடுங்குளிரும் குடும்பச் செலவும்



வெயிலும் மழையும் மாறிமாறி வரும் நாடு நம் மலேசியத் திருநாடு. இங்குக் குளிர் என்பது ஓர் இன்பம். விடுமுறை நாளில் கேமரன் மலைக்குச் சென்று, பணம் கொடுத்து அறை எடுத்துத் தங்கி, அக்குளிரை அனுபவித்துத் திரும்புகிறோம். ஆனால் குளிரைத் தேடிப் பணம் செலவிடுவோரைப் போலவே, குளிரிலிருந்து தப்புவதற்காகப் பணம் செலவிடுவோரும் உலகில் உண்டு. கனடா நாட்டில் குடியேறிய எங்கள் குடும்பம் அவ்வகையைச் சேர்ந்தது. நாங்கள், கணவன் மனைவி இருவருமே, இப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றவர்கள். எங்கள் முதற் குளிர்காலத்தில் ஒரு பழைய மகிழுந்தையும் ஒரு சிறிய குடும்பத்தையும் எவ்வாறு காப்பாற்றினோம் என்பதை இவ்வாண்டு மலர் வாயிலாக உங்களுக்குக் கூற விழைகிறோம்.

நாங்கள் வாழும் ஊர் வின்னிபெக். மானிட்டோபா மாநிலத்தின் தலைநகரமாகிய அது, ரெட் ஆறும் அசினிபோயின் ஆறும் கூடுமிடத்தில் அமைந்துள்ளது. பெருங்கடல்களிலிருந்து வெகுதொலைவில், மலைத்தடுப்பு ஏதுமற்ற சமவெளியில் இருப்பதால், வடதுருவக் காற்று தங்குதடையின்றி அங்கே வந்து சேர்கிறது. நவம்பர் முதல் மார்ச்சு வரை குளிர்காலமே. சனவரி இரவுகளில் வெப்பநிலை சராசரியாகச் சுழியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியசையும் தாண்டி இறங்கும். உங்கள் இல்லத்துக் குளிர்பெட்டியில் மீனையும் இறைச்சியையும் உறைய வைக்கும் மேலறையின் குளிர், சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 18 பாகைதான். அவ்வாறாயின் எங்கள் ஊர்த் தெரு எத்தகையது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

2013ஆம் ஆண்டு ஆகத்து மாதம் நாங்கள் அங்குச் சென்று சேர்ந்தோம். அவ்வாண்டுக் குளிர்காலமோ, அவ்வூரின் முதியோரே வியந்து பேசிய கடுங்குளிர்காலமாக அமைந்தது. 2013 திசம்பர் 31ஆம் நாள், செவ்வாய்க் கோளில் ஊர்ந்து திரியும் கியூரியாசிட்டி என்னும் ஆய்வூர்தி அனுப்பிய வெப்பநிலையைவிட வின்னிபெக்கின் வெப்பநிலை தாழ்ந்திருந்தது என்று மானிட்டோபா அருங்காட்சியகம் அறிவித்தது. வேறொரு கோளுக்கே குடிபோனவர்களைப் போல் நாங்கள் சன்னலருகே நின்று வெண்பனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்களுள் ஒருவருக்கு ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் மாலை தொடங்கி நள்ளிரவில் முடியும் வேலை. மற்றவர் ஏழு வயது மகளைக் கவனித்துக்கொண்டே மாலைப் படிப்புக்கு ஆயத்தம் செய்துவந்தார். கனடிய நாணயம் டாலர் எனப்படினும், நம் வழக்கப்படி வெள்ளி என்றே எழுதுகிறோம். மாதந்தோறும் கைக்கு வந்தது 1,900 வெள்ளி. அதில் 850 வெள்ளி வாடகைக்குப் போய்விடும். உணவு, மின்சாரம், வீட்டைச் சூடாக்கும் எரிவாயு, மகிழுந்தின் காப்புறுதி, பெட்ரோல் ஆகியவற்றுக்குப் பெரும்பகுதி போகும். இவை நீங்கலாக, 150 வெள்ளி தவறாமல் மலேசியாவுக்கு வரும். எங்கள் இரு குடும்பத்துப் பெற்றோருள் அன்று எஞ்சியிருந்தவர் ஓர் அன்னையார் மட்டுமே. எங்கள் இருவருக்கும் அவரே அம்மா. அவருடைய மருந்துக்கும் உணவுக்குமான பணம் அது.

மகிழுந்து பன்னிரண்டு ஆண்டுப் பழமையானது. குளிர் நாட்டில் மகிழுந்து ஏன் இயங்க மறுக்கிறது என்பதை நீங்கள் அறிந்துகொள்ளல் நன்று. மகிழுந்தின் பேட்டரிக்குள் ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் உள்ளன. அவற்றுக்கிடையே நிகழும் வேதிமாற்றத்தால் மின்சாரம் பிறக்கிறது. குளிர் மிகுந்தால் அம்மாற்றம் மந்தமடையும். சுழியத்துக்குக் கீழே 18 பாகையில் பேட்டரியின் வலிமை ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதே வேளையில் என்ஜினில் உள்ள எண்ணெயோ தேன்போல் இறுகிவிடும். ஆதலின் என்ஜினைச் சுழற்ற வழக்கத்தினும் மிகுதியான வலிமை வேண்டும். வலிமை குறையும் வேளையில் வேலை கூடுகிறது. மகிழுந்து முனகிவிட்டு அடங்கிவிடுகிறது.

இதற்காக அவ்வூரில் மகிழுந்துகளின் என்ஜினில் ஒரு சூடேற்றியைப் பொருத்தியிருப்பார்கள். அதன் மின்கம்பி முகப்பிலிருந்து நாக்கு நீட்டியதுபோல் தொங்கிக்கொண்டிருக்கும். இரவில் அதனை மின்செருகியில் மாட்டிவைப்பது வழக்கம். எங்கள் சூடேற்றி 400 வாட் ஆற்றலுடையது. பத்து மணி நேரம் எரிந்தால் 4 யூனிட் செலவாகும். புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக எரிந்தாலே என்ஜின் போதிய அளவு சூடாகிவிடும். அதற்கு 1.2 யூனிட் போதும். எனவே மலிவான நேரங்காட்டிச் செருகி ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். நூறு நாளில் 280 யூனிட் மிச்சம். அப்போது யூனிட் ஒன்றுக்கு ஏறத்தாழ 7 காசு. ஆகவே மிச்சமானது ஏறத்தாழ 20 வெள்ளி. இது சிறு தொகையே. ஆயினும் இத்தகைய சிறு தொகைகள் ஐந்தாறு சேர்ந்தால் ஒரு வாரத்து உணவுச் செலவாகும்.

சனவரி இரண்டாம் வாரத்தில் பேட்டரி முற்றிலும் செயலிழந்தது. 140 வெள்ளி கொடுத்துப் புதியதை வாங்கினோம். சேமிப்பில் இருந்த 600 வெள்ளி 460 ஆயிற்று. பத்து நாள் கழித்து நேர்ந்ததுதான் பெரிய இடர். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், நகரின் எல்லைப்புறச் சாலையில், நள்ளிரவுக்குப்பின் ஒரு மணியளவில் விளக்குகள் மங்கின. பின்னர் என்ஜின் நின்றது. ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்நேட்டர் பழுதாகிவிட்டது. வெளியே சுழியத்துக்குக் கீழே 31 பாகை. கையுறையின்றி நின்றால் விரல்கள் உறைந்து கெட்டுவிடக்கூடிய குளிர் அது.

அந்நாட்டில் அனுபவமுடையோர் எல்லாரும் புதியவர்களுக்குக் கூறும் அறிவுரை ஒன்றுண்டு. மகிழுந்து நின்றுவிட்டால் அதைவிட்டு இறங்கி நடவாதே. உதவி வரும்வரை உள்ளேயே இரு என்பதே அது. அதன்படி ஒரு கம்பளிப் போர்வை, மெழுகுவத்திகள், தீப்பெட்டி, ஒரு வெற்று டின், கொஞ்சம் பிஸ்கட், ஒரு சிறு மண்வாரி, வழுக்கும் பனியில் தூவ ஒரு பை மணல் ஆகியவற்றை நவம்பரிலேயே பின்பெட்டியில் வைத்திருந்தோம். டின்னுக்குள் ஏற்றிய ஒரு மெழுகுவத்தி அச்சிறு இடத்தின் குளிரைச் சற்றே தணித்தது. காற்றோட்டத்துக்காகச் சன்னலை ஒரு விரற்கடை திறந்துவைக்க வேண்டும். தொலைபேசியில் அழைத்த இழுவை வண்டி வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்நாற்பது நிமிடமும் ஒருவர் சாலையில் மெழுகுவத்தியின் அருகிலும், மற்றவர் உறங்கும் மகளின் அருகிலும் விழித்திருந்தோம்.

மறுநாள் பட்டறையில் கேட்ட தொகை 520 வெள்ளி. இழுவை வண்டிக்குக் கொடுத்ததுபோகக் கையில் இருந்ததோ 380 வெள்ளி. அதே வாரத்தில் எரிவாயுக் கட்டணச் சீட்டும் வந்து சேர்ந்தது.

அன்றிரவு ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்து மூன்று கட்டங்கள் வரைந்தோம். விடவே இயலாதவை, தள்ளிப்போடக் கூடியவை, தேவையற்றவை என்று தலைப்பிட்டோம். வாடகை, உணவு, வீட்டுச் சூடு, மகளின் குளிருடை ஆகியவை முதற் கட்டத்தில் ஏறின. மகிழுந்தை எங்கே எழுதுவது? அஃதின்றேல் வேலைக்குச் செல்வது எங்ஙனம்? அம்மாவுக்கு அனுப்பும் பணத்தை எங்கே எழுதுவது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண நெடுநேரம் ஆயிற்று.

செய்தி அறிந்த அம்மா, இரண்டு மாதம் பணம் அனுப்ப வேண்டா என்று தொலைபேசியில் கூறினார். அவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அன்றைய கூலியும் இல்லை. ஆண்டிறுதி மழைக்காலம் வருமுன்பே அரிசியும் கருவாடும் வாங்கிச் சேமித்துவைப்பார். பழைய பால்டின் ஒன்றில் சில்லறை சேர்ப்பார். கூலியில்லா வாரங்களிலும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை மட்டும் அவர் நிறுத்தியதே இல்லை. “மழை என்றைக்கும் பெய்யாது, பள்ளிக்கூடம் போகாத நாள் திரும்பி வராது” என்பார். இதை நினைத்த பின்னர் எங்களுக்கு விடை எளிதாயிற்று. அம்மாவின் பணத்தை முதற் கட்டத்தில் எழுதினோம். மகிழுந்தை இரண்டாம் கட்டத்துக்கு மாற்றினோம்.

மகிழுந்து பல வாரம் வீட்டு வாயிலிலேயே பனி மூடிக் கிடந்தது. ஓட்டாமல் நிறுத்திவைக்கும் காலத்துக்குக் காப்புறுதிக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ள அம்மாநிலத்தில் வழியுண்டு. அவ்வாறே செய்தோம். வேலைக்குப் போகையில் பேருந்து; நள்ளிரவில் திரும்புகையில் உடன் வேலை செய்த பிலிப்பீன்சு நாட்டு நண்பரின் வண்டி. பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தபோது அவர் வாங்க மறுத்தார். ஆனால் வாரம் ஒருமுறை நாங்கள் கொடுத்த நாசி லெமாக் பொட்டலத்தை ஒருநாளும் மறுத்ததில்லை.

வீட்டினுள்ளும் கணக்குப் பார்த்தோம். சன்னல்களின் உட்புறம் மெல்லிய நெகிழித்தாள் ஒட்டினோம். இடையில் அடைபடும் காற்று குளிரைத் தடுக்கும். கதவின் அடியில் பழந்துணியைச் சுருட்டிவைத்தோம். இரவில் சூட்டின் அளவை மூன்று பாகை குறைத்துக் கம்பளி ஆடையுடன் உறங்கினோம். எரிவாயுவுக்கு ஓராண்டுச் செலவைப் பன்னிரண்டாகப் பங்கிட்டு, மாதந்தோறும் ஒரே தொகை கட்டும் முறையில் சேர்ந்தோம். இதனால் செலவு குறையாது. ஆனால் குளிர்காலத்துச் சுமையைக் கோடையும் பகிர்ந்து கொள்ளும்.

குளிர் அத்துடன் விடவில்லை. அவ்வாண்டு உறைபனி நிலத்தில் இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்கியது. புதைத்திருந்த குடிநீர்க் குழாய்கள் நகரின் பல பகுதிகளில் உறைந்தன. மார்ச்சு முதல் வாரத்தில் எங்கள் குழாயும் உறைந்து நீர் நின்றது. உறைந்த வீடுகள் மிகுதியாதலின் நகராட்சிப் பணியாளர் வந்து சரிசெய்ய நாள்கள் பல ஆயின. அதுவரை அடுத்த வீட்டிலிருந்து ஒரு நீண்ட நெளிகுழாயை இணைத்து நீர் கொண்டுவர ஏற்பாடாயிற்று. குழாயில் நீர் இடைவிடாது ஓடினால்தான் உறையாது. அடுத்த வீட்டில் வாழ்ந்தவர் உக்ரைனிய மரபைச் சேர்ந்த மூதாட்டி. அவர் வீட்டு நீர் பதினெட்டு நாள் எங்கள் வீட்டில் ஓடியது. நாங்கள் அவர் வாயிலின் பனியை நாள்தோறும் வாரி அகற்றினோம். எங்கள் கணக்குப் புத்தகத்தின் எந்தக் கட்டத்திலும் எழுத இயலாத வரவு அது.

மார்ச்சு இறுதியில் கையிருப்பு 640 வெள்ளி ஆயிற்று. மகிழுந்து பழுதுபார்க்கப்பட்டது. 2014 இலையுதிர்காலத்தில் மாநிலத்தின் அரசு வாகனக் காப்புறுதிக் கழகம், பனிக்கால டயர் வாங்குவோருக்குக் குறைந்த வட்டியில் கடனுதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன்வழி நாங்களும் டயர் வாங்கினோம். சாதாரண டயர் கடுங்குளிரில் கட்டைபோல் இறுகிப் பிடிப்பை இழக்கும். பனிக்கால டயரோ மென்மை குன்றாது. அம்மென்மைக்கு இயற்கை இரப்பர் பெரிதும் உதவுகிறது என்று அறிந்தபோது எங்கள் உள்ளம் பூரித்தது. நம் பெற்றோர் வைகறையில் வெட்டிய பால்மரத்தின் பயன், பனி மூடிய சாலையிலும் மக்களை வழுக்கி விழாமல் காக்கிறதன்றோ!

மாணவச் செல்வங்களே! சிக்கனம் என்பது எல்லாவற்றையும் குறைப்பதன்று. எதைக் குறைத்தல் ஆகாது என்பதை முதலில் அறிதலே சிக்கனம். மழையோ பனியோ, கடினமான காலம் எல்லார்க்கும் எல்லா நாட்டிலும் உண்டு. அது வருமுன் சேமிப்பவரும், வந்தபின் கணக்கிட்டு வாழ்பவரும், அக்கம்பக்கத்தாருடன் கூடி நிற்பவரும் அதனைக் கடந்துவிடுவர். நீங்களும் இன்றே ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் மூன்று கட்டங்கள் வரைந்து பாருங்கள். நீங்கள் பெறும் கைச்செலவுக் காசு சிறிதாயினும் கணக்கு ஒன்றே.

எங்களுக்குக் கூட்டலும் கழித்தலும் கற்பித்த இப்பள்ளி பல்லாண்டு வாழ்க! தமிழ் வளர்க!