மார்கழிச் சிவப்பு

மலைநாட்டிலே மார்கழி பிறந்ததும் செந்நிறம் பூண்டு நிற்கும் பொயின்செற்றியாவை அறியாதார் இலர். 1825 முதல் 1829 வரை மெக்சிக்கோவில் அமெரிக்கத் தூதராயிருந்த ஜோயல் பொயின்செற் என்பாரின் பெயரை அது தாங்கியிருக்கின்றது. செடியின் தாயகமும் மெக்சிக்கோவே. நாம் பூவென்று வியப்பது உண்மையில் நிறம் மாறிய இலை. நடுவிலே மஞ்சள் மணிகள்போற் சிறுத்திருப்பனவே பூக்கள்.

பண்டாரவளையில் எமது இல்லத்து முற்றத்திலே நிற்பது எம் தாயார் நட்டது. அதிற் கத்தி வைக்க அவர் நெடுங்காலம் இசையவில்லை. கிளையை வெட்டினால் வெண்பால் சொட்டும். "பால் வடியுது, பார்க்கேலாது தம்பி, விடு" என்பார். வெட்டாது விட்ட பொயின்செற்றியா நுனியிலே மட்டும் வளரும். அடிப்பகுதி இலையுதிர்ந்து வெறுங்கம்பாகும். எமது செடியும் கூரையைத் தாண்டிற்று. அதற்குள் தாயாரின் முதுகும் கூனிவிட்டது. வீதியிற் செல்வோரெல்லாம் அண்ணாந்து பார்த்து மகிழ, நட்டவர் மட்டும் அடித்தண்டையே பார்த்திருந்தார். ஈற்றில் ஒருநாள், "எனக்குத் தெரியிற உயரத்துக்கு வெட்டு" என்று அவரே கூறினார்.

தேயிலைக் கவ்வாத்திலே கைதேர்ந்த முதியவர் ஒருவரை அழைத்தோம். மாசி மாதம், சிவப்பு வாடி உதிர்ந்தபின், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு, கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினார். சாய்வாக வெட்டினால் வெட்டுவாயில் நீர் தங்காது. வடிந்த பாலுக்குக் குளிர்ந்த நீரைத் தெளித்தோம், பால் நின்றது. அது தோலிற் பட்டால் அரிக்கும், கண்ணிற் பட்டால் எரியும். ஆகவே குழந்தைகளைத் தள்ளி நிறுத்துதல் வேண்டும்.

வெட்டிய கையோடு பசளை இடுவது பலரின் வழக்கம். நாம் அதனை ஒப்புக்கொள்வதில்லை. இலையில்லாத செடி எதனை உண்ணும்? துளிர் விரல் நீளம் வந்தபின், அடித்தண்டை ஒட்டாது வட்டமாக மண்ணைக் கொத்தி, மக்கிய மாட்டெருவும் கூட்டெருவும் இட்டு நீர் விட்டோம். துளிர்கள் அரையடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் ஒன்று இரண்டு மூன்றாகக் கிளைக்கும். இக்கிள்ளலை ஆவணி நடுப்பகுதியோடு நிறுத்திவிட வேண்டும். அதன்பின் கிள்ளுவோர் மார்கழியிற் பச்சை இலையையே காண்பர். யூறியாவை அள்ளிக் கொட்டுவோருக்கும் அதே கதிதான்.

எருவினும் பெரிது இருள். இரவு நீளத் தொடங்கும் புரட்டாதி, ஐப்பசியிலேதான் இச்செடி மொட்டுக் கட்ட முனைகின்றது. நீண்ட, இடையறாத இருள் அதற்கு வேண்டும். வெட்டியபின் வந்த முதல் மார்கழியில் எமது செடியின் ஒரு பாதி சிவந்தது. மறுபாதி பச்சையாகவே நின்றது. சிலர் கண்ணூறு என்றனர்! காரணம், வாயிலில் அவ்வாண்டு புதிதாக நாட்டப்பட்ட வீதிவிளக்கு. மறு ஆண்டு புரட்டாதி தொடக்கம், கம்புகள் நாட்டி, மாலைதோறும் அப்பக்கத்திலே சாக்குத் திரையொன்றைத் தொங்கவிட்டோம். பார்ப்பதற்கு அழகாயில்லை என்று வீட்டிற் குறை கூறினர். கார்த்திகைக் கடைசியிலே அப்பக்கமும் சிவக்கத் தொடங்கியதும் குறை ஓய்ந்தது.

அம்மார்கழி முழுவதும் தாயார் காலைத் தேநீரைத் திண்ணையிலிருந்து அருந்தாது, கதிரையைச் செடியருகே போடுவித்து அங்கேயே அருந்தினார். அவர் முகத்துக்கு நேரே பதினொரு சிவப்புக் கொத்துகள்; எண்ணிச் சொன்னவர் அவரே. வெட்டிய கம்புகளிலே சிலவற்றைப் பால் உலரவிட்டு மணலில் ஊன்றியிருந்தோம். வேர்விட்டவற்றை அயலவருக்குக் கொடுக்கும்போது, "மாசியிலை வெட்டவேணும், பயப்படாதை பிள்ளை" என்று சொல்லியே கொடுத்தார்.

அடுத்த கவ்வாத்துக்கு இன்னும் சில வாரங்கள் உள்ளன. வெட்ட வேண்டிய இடத்தைத் தாயார் இப்பொழுதே பழந்துணியாற் கட்டி அடையாளம் வைத்திருக்கிறார். முதன்முறை வெட்டிய இடத்திலும் அது நான்கு விரற்கடை தாழ்வாக இருக்கின்றது.